சாப்பிட உட்கார்ந்ததும் கூப்பிடுகிறார்களா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகி, "வேலையிடத்தில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். "நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது" என்று ஒரே வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அது போதாது என்று உங்கள் கடிதங்கள் சொல்கின்றன. டெக்சாஸிலிருந்து, கலிபோர்னியாவிலிருந்து, நியூயார்க்கிலிருந்து என்று வந்துகொண்டே இருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: டப்பாவைத் திறந்தால் யாராவது கூப்பிடுகிறார்கள், சம்பளத்தில் மட்டும் அரை மணி நேரம் ஒழுங்காகப் பிடிக்கப்படுகிறது. அதனால் இந்த இதழ் முழுக்க இந்த ஒரு விஷயம்தான். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

நான் டல்லாஸ் பக்கத்தில் ஒரு கேஸ் ஸ்டேஷன் கடையில் வேலை பார்க்கிறேன், அக்கா. வாரத்தில் ஐந்து நாள், கடைக்குள் இருப்பது எட்டரை மணி நேரம். எட்டு மணி நேரத்துக்குத்தான் சம்பளம், அரை மணி நேரம் "லன்ச்" என்று கழிக்கிறார்கள். ஆனால் கடையில் நான் ஒருவன்தான். கதவைப் பூட்டவும் கூடாது. இது சரியா?
– வாசகர், டெக்சாஸ்

முதலில் கசப்பான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்று டெக்சாஸில் மாநிலச் சட்டம் கிடையாது. மத்திய அரசின் சட்டமும் அதைச் சொல்லவில்லை. நாடு முழுவதற்கும் பொதுவான சம்பளச் சட்டம் 1938-இல் வந்தது. குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் இரண்டும் அதில் உண்டு, மதியச் சாப்பாடு மட்டும் இல்லை. அதனால் உங்கள் முதலாளி "இடைவேளையே கிடையாது, எட்டரை மணி நேரமும் வேலை, எட்டரைக்கும் சம்பளம்" என்று சொன்னால் அதைத் தடுக்க டெக்சாஸில் வழியில்லை.

ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லையே. இடைவேளை கொடுத்ததாகக் கணக்கு எழுதி, அந்த அரை மணி நேரச் சம்பளத்தை எடுத்துக்கொள்கிறார். இங்கேதான் மத்திய அரசின் விதி உங்கள் பக்கம் நிற்கிறது. சாப்பாட்டு நேரத்துக்குச் சம்பளம் தராமல் விட வேண்டுமானால், அந்த நேரத்தில் தொழிலாளி எல்லா வேலையிலிருந்தும் முழுசாக விடுபட்டிருக்க வேண்டும். சாதாரணமாக அது 30 நிமிடமாவது இருக்க வேண்டும். மேஜையில் உட்கார்ந்தபடி போனை எடுப்பது, மெஷினைப் பார்த்துக்கொள்வது, வாடிக்கையாளர் வந்தால் எழுந்து போவது எல்லாம் வேலைதான். வாயில் சோறு இருந்தாலும் அது வேலை நேரம்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் எழுதவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு சின்னக் கடையில் கல்லாவில் நின்றேன். கல்லாவுக்குக் கீழே தட்டில் தயிர்சாத டப்பா இருக்கும். கதவைத் திறந்தால் "டிங்" என்று ஒரு மணி அடிக்கும். ஒரு கவளம் எடுப்பேன், டிங். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து சிகரெட் பாக்கெட் எடுத்துக் கொடுத்து, லாட்டரி டிக்கெட் அடித்துக் கொடுத்து, திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி டிங். தயிர்சாதம் காய்ந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி வீட்டுக்குப் போனதும் பசி தெரியாது, கோபம்தான் தெரியும். அந்த ஒரு வருடமும் தினம் அரை மணி நேரம் என் சம்பளத்தில் போனது. அது என் பணம் என்று எனக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். நாளுக்கு அரை மணி, ஐந்து நாளுக்கு இரண்டரை மணி நேரம். உங்களுக்கு ஏற்கெனவே 40 மணி நேரத்துக்குச் சம்பளம் வருவதால் இந்த இரண்டரையும் 40-க்கு மேல் போகிறது, அதாவது ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. மணிக்கு 14 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஓவர்டைம் 21 டாலர், வாரத்துக்கு 52 டாலர் 50 சென்ட். ஐம்பது வாரத்தில் 2,625 டாலர். சின்னப் பணம் இல்லை.

மத்தியத் தொழிலாளர் துறையில் சம்பளம், வேலை நேரம் பார்க்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. 1-866-487-9243 என்ற எண்ணில் கூப்பிட்டு விசாரிக்கலாம். ஓவர்டைம் பாக்கியைப் பொதுவாக இரண்டு வருடம் பின்னோக்கிக் கேட்கலாம், முதலாளி தெரிந்தே செய்தார் என்றால் மூன்று வருடம். டெக்சாஸ் மாநிலத்திடமும் சம்பளப் பாக்கி மனு கொடுக்கலாம், ஆனால் அதற்குச் சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து 180 நாள்தான் கெடு. அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சான் ஹோசேயில் ஒரு பெரிய கடையில் மதியம் 2 மணி முதல் ராத்திரி 10 மணி வரை வேலை. கூட்டம் அதிகம் என்று சொல்லி மேனேஜர் என்னை 7:40-க்குத்தான் சாப்பிட அனுப்புகிறார். அரை மணி நேரம் முழுசாகக் கொடுக்கிறார், அதனால் புகார் சொல்ல முடியாது என்கிறாள் கூட வேலை பார்க்கும் தோழி. உண்மையா?
– வாசகி, கலிபோர்னியா

தோழி சொல்வது தவறு. தாராளமாகப் புகார் சொல்லலாம். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் தொழிலாளியை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கும் மாநிலம் வேறு இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிடச் சாப்பாட்டு இடைவேளை உண்டு. அது ஐந்தாவது மணி நேரம் முடிவதற்குள் தொடங்கியாக வேண்டும். நீங்கள் 2 மணிக்கு உள்ளே போகிறீர்கள், அப்படியானால் 7 மணிக்குள் டப்பாவைத் திறந்திருக்க வேண்டும். 7:40 என்பது தாமதம். தாமதமாகக் கொடுப்பது, குறைத்துக் கொடுப்பது, நடுவில் கூப்பிடுவது, கொடுக்காமலே விடுவது, நான்குக்கும் சட்டத்தில் ஒரே விளைவுதான்: அந்த நாளுக்கு ஒரு மணி நேரச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். மணிக்கு 20 டாலர் என்றால் அந்த நாளுக்கு 20 டாலர். வாரத்தில் நான்கு நாள் இப்படி நடந்தால் 80 டாலர்.

அது தவிர 10 நிமிட ஓய்வு தனி. அதற்குச் சம்பளமும் உண்டு. உங்களுடையது போன்ற எட்டு மணி நேர ஷிப்டுக்கு இரண்டு தடவை. அதைக் கொடுக்காவிட்டால் அதற்கும் ஒரு மணி நேரச் சம்பளம். சாப்பாட்டுக்கு ஒன்று, ஓய்வுக்கு ஒன்று என்று நாளுக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரச் சம்பளம் வரை போகும். பத்து மணி நேரத்தைத் தாண்டினால் இரண்டாவது சாப்பாட்டு இடைவேளையும் உண்டு.

ஒன்றை மட்டும் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். 2012-இல் பிரிங்கர் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், இடைவேளையைக் கொடுப்பது முதலாளியின் கடமை, ஆனால் அந்த நேரத்தில் தொழிலாளி வேலை செய்யாமல் இருக்கிறாரா என்று அவர் காவல் காக்க வேண்டியதில்லை என்றது. அதாவது, மேனேஜர் 6:45-க்குப் போகச் சொல்லி, நீங்களே "இதோ இந்த ஷெல்ஃபை முடித்துவிட்டுப் போகிறேன்" என்று நின்றால் அந்தக் கூடுதல் மணி நேரச் சம்பளம் கிடைக்காது. நம் ஆட்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று நாமே நின்றுவிடுகிறோம். போகச் சொன்னால் போய்விடுங்கள். போகவிடாமல் செய்தால் அதைக் குறித்து வையுங்கள்.

அப்புறம் பன்ச் நேரம், அதாவது உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் மெஷினில் பதியும் நேரம். சில இடங்களில் கம்ப்யூட்டரே நேரத்தைப் பக்கத்துப் பத்து நிமிடத்துக்கு மாற்றி எழுதிவிடும். 11:02-க்கு வெளியே, 11:25-க்கு உள்ளே என்று ஒருவர் அடிக்கிறார். உண்மையில் 23 நிமிடம்தான் கிடைத்தது. கம்ப்யூட்டர் அதை 11:00, 11:30 என்று எழுதி முழு அரை மணி ஆக்கிவிடுகிறது. 2021-இல் டோனஹூ வழக்கில் இதே உதாரணம் வந்தது, சாப்பாட்டு இடைவேளைக்கு இப்படி நேரத்தை உருட்டக் கூடாது என்று நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. பதிவேட்டில் இடைவேளை தாமதம் என்றோ குறைவு என்றோ தெரிந்தால், தப்பு நடந்ததாகவே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது முதலாளியின் பொறுப்பு. அதனால் உங்கள் 7:40 பன்ச் உங்களுக்கான சாட்சி. "சிஸ்டத்தில் 6:55 என்று திருத்திவிடுகிறேன், கையெழுத்துப் போடு" என்று யாராவது வந்தால் போடாதீர்கள்.

இந்தக் கூடுதல் மணி நேரப் பணமும் சம்பளம்தான், அபராதம் இல்லை என்று 2007-இலேயே தீர்ப்பு இருக்கிறது. அதனால் மூன்று வருடத்துப் பாக்கியைக் கேட்கலாம். மாநில லேபர் கமிஷனர் அலுவலகத்தில் மனு கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை.

நானும் கலிபோர்னியாதான், ஃபிரெஸ்னோ. மோட்டல் ஃப்ரண்ட் டெஸ்கில் ராத்திரி எட்டு மணி நேர வேலை. வேலைக்குச் சேரும்போது ஏதோ ஒரு தாளில், சாப்பாட்டு நேரத்திலும் வேலை பார்க்க சம்மதம் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– வாசகர், ஃபிரெஸ்னோ

முடியும். கலிபோர்னியாவில் இப்படி ஒரு ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. எல்லா வேலையிலிருந்தும் விலகவே முடியாத தன்மை உள்ள வேலையாக அது இருக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்து அதை ரத்து செய்யலாம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும். ராத்திரியில் தனி ஆளாக டெஸ்கில் இருப்பவருக்கு இது பொருந்தக்கூடும். பக்கத்து அறையில் இன்னொருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பொருந்தாது. உங்கள் பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) எடுத்துப் பாருங்கள். கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அரை மணி நேரமும் கழித்திருந்தால் அது அப்பட்டமான தப்பு.

வேறொரு வகைக் கையெழுத்தும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மொத்த வேலையே ஆறு மணி நேரத்துக்குள் என்றால், இரண்டு பேரும் சம்மதித்து அந்த ஒரு இடைவேளையை விட்டுக்கொடுக்கலாம். உங்களுக்கு எட்டு மணி நேரம், அதனால் அது பொருந்தாது.

வாக்கி டாக்கியோ போனோ கையில் இருக்கட்டும், கூப்பிட்டால் மட்டும் வா என்று சொல்வதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 10 நிமிட ஓய்வில் அது கூடாது. செக்யூரிட்டி காவலர்கள் போட்ட வழக்கில் 2016-இல், கூப்பிட்டால் ஓட வேண்டிய நிலையில் ஒருவரை வைத்திருந்தால் அது ஓய்வே இல்லை என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓய்வில் இருப்பவருக்கு ஒரு காது எப்போதும் வேலையிலேயே இருந்தால் அது எப்படி ஓய்வாகும்?

நியூ ஜெர்சியில் ஐடி வேலை, மாதச் சம்பளம். மீட்டிங் மேல் மீட்டிங் போட்டு மதியம் சாப்பிடவே விடுவதில்லை. சட்டம் உதவுமா?
– வாசகர், எடிசன்

உதவாது. நியூ ஜெர்சியில் சாப்பாட்டு இடைவேளைச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான். காலண்டரில் 12:30 முதல் 1 மணி வரை நீங்களே அடைத்துப் போட்டுவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். "மாதச் சம்பளம் என்றாலே ஓவர்டைம் கிடையாது" என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். செய்யும் வேலை என்ன, சம்பளம் எவ்வளவு என்ற இரண்டையும் பார்த்துத்தான் அது முடிவாகும். பதவியின் பெயருக்கு அதில் மதிப்பில்லை.

குவீன்ஸில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. காலை 10 முதல் இரவு 8 வரை. மதியம் 11 முதல் 2 வரைதான் கூட்டம் நெரியும், அதனால் 3:30-க்குப் பத்து நிமிடம் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம். மற்றவர்கள் இதுதான் ஓட்டல் வழக்கம் என்கிறார்கள்.
– வாசகர், நியூயார்க்

ஓட்டலில் வழக்கம் எதுவாகவும் இருக்கட்டும், நியூயார்க் சட்டம் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. 11 மணி முதல் 2 மணி வரையான நேரத்தை அங்கே மதியச் சாப்பாட்டு வேளை என்றே சட்டம் குறிப்பிடுகிறது. ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஷிப்ட் அந்த வேளையைத் தாண்டிப் போனால், அதற்குள்ளேயே 30 நிமிடம் கொடுக்க வேண்டும். தொழிற்சாலை என்றால் 60 நிமிடம். உங்களுக்கு இன்னொன்றும் உண்டு, பலருக்கு இது தெரியாது. காலை 11-க்கு முன் தொடங்கி இரவு 7-க்கு மேல் நீளும் வேலைக்கு மாலை 5 முதல் 7-க்குள் மேலும் 20 நிமிடம். ஆக உங்கள் பத்து மணி நேரத்துக்கு 30 நிமிடம் ஒன்று, 20 நிமிடம் ஒன்று. நின்றுகொண்டு சாப்பிடும் பத்து நிமிடம் எந்தக் கணக்கிலும் வராது.

ராத்திரி ஷிப்டில் இருக்கும் உங்கள் நண்பருக்கும் சொல்லுங்கள்: மதியம் 1 மணியிலிருந்து காலை 6 மணிக்குள் தொடங்கும், ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஷிப்டுக்கு, நடுவில் 45 நிமிடம், தொழிற்சாலையில் 60. இருபத்திநாலு மணி நேரமும் ஓடும் இந்த நகரத்துக்கு யாரோ யோசித்து எழுதிய விதி அது.

கலிபோர்னியா மாதிரி தவறிய நாளுக்கு ஒரு மணி நேரச் சம்பளம் என்ற ஏற்பாடு நியூயார்க்கில் கிடையாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். மாநிலத் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். சாப்பிடாமல் வேலை செய்த நேரத்தையும் சம்பளத்தில் கழித்திருந்தால் அது சம்பளப் பாக்கி, அதை ஆறு வருடம் பின்னோக்கிக் கேட்கலாம். ஆறு வருடம் என்பது பெரிய கெடு. பழைய பே ஸ்டப்களைக் குப்பையில் போடாதீர்கள்.

சிகாகோ பக்கத்தில் கிடங்கு வேலை, 12 மணி நேரம். எங்களுக்கு எவ்வளவு?
– வாசகி, இல்லினாய்

தொடர்ந்து ஏழரை மணி நேரம் வேலை என்றால் 20 நிமிடம், அதுவும் வேலை தொடங்கி ஐந்து மணி நேரத்துக்குள். 2023 ஜனவரி 1 முதல், அதற்கு மேல் ஒவ்வொரு நாலரை மணி நேரத்துக்கும் இன்னொரு 20 நிமிடம். உங்களுடையது 12, ஏழரையும் நாலரையும் கூட்டினால் சரியாக 12, அதனால் இரண்டு தடவை. கழிவறைக்குப் போய்வரும் நேரத்தை இதில் கழிக்கக் கூடாது. கிடங்குகளில் இதைத்தான் முதலில் கழிக்கப் பார்ப்பார்கள்.

மிச்சிகனில் ஒரு தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு என் சாப்பாட்டு இடைவேளையை மாற்றிக் கேட்டேன். "இங்கே எல்லோருக்கும் ஒரே நேரம்தான்" என்றார் சூப்பர்வைசர். கேட்டது தப்பா?
– வாசகர், மிச்சிகன்

தப்பே இல்லை. மிச்சிகனில் பெரியவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளைச் சட்டம் இல்லை என்பதால் அந்த வழியில் போகாதீர்கள். நீங்கள் போக வேண்டிய வழி மத உரிமை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், தொழிலாளியின் மத வழக்கத்துக்கு முதலாளி இடம் கொடுத்தாக வேண்டும். அவருக்கு மிதமிஞ்சிய சிரமம் ஏற்பட்டால் மட்டும் மறுக்கலாம். முன்பெல்லாம் "கொஞ்சம் தொந்தரவு" என்று சொன்னாலே மறுப்பு செல்லும் என்பது போல நீதிமன்றங்கள் பார்த்தன. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியாது என்ற ஒரு தபால் ஊழியரின் வழக்கில், அந்தத் தொழிலையே கணக்கில் எடுத்துப் பார்த்தால் செலவு கணிசமாகக் கூடுகிறது என்று காட்டினால்தான் மறுக்கலாம் என்று தெளிவாக்கியது. இருபது நிமிடம் இடைவேளையை நகர்த்துவதால் ஒரு தொழிற்சாலைக்கு அப்படி என்ன செலவு கூடிவிடப் போகிறது?

வாய்வார்த்தையாகக் கேட்டதோடு விடாமல் எச்.ஆருக்கு எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சூரியன் மறையும் நேரம் என்ன, உங்களுக்குப் பதில் அந்த நேரத்தில் யார் நிற்கச் சம்மதிக்கிறார் என்று எல்லாவற்றையும் போட்டு எழுதுங்கள். நேரம் தினம் ஒன்றிரண்டு நிமிடம் மாறும் என்பதை அவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். தெரியாதவர்கள் ஒரே நேரத்தைப் போட்டுவிட்டு முடிந்தது என்பார்கள்.

குழந்தை பிறந்து நான்கு மாதம். வேலைக்குத் திரும்பிவிட்டேன். பால் எடுக்க சாப்பாட்டு இடைவேளையை வைத்துக்கொள் என்கிறார்கள், இடம் கேட்டால் பாத்ரூமைக் காட்டுகிறார்கள். அழுகை வருகிறது அக்கா.
– வாசகி, நியூயார்க்

அழாதீர்கள்மா. சட்டம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது. குழந்தை பிறந்து ஒரு வருடம் வரை, பால் எடுக்கத் தேவைப்படும் ஒவ்வொரு தடவையும் நியாயமான நேரம் கொடுக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் இருக்கிறது. இடம் பாத்ரூமாக இருக்கவே கூடாது, யாரும் பார்க்க முடியாத, யாரும் திறந்துகொண்டு உள்ளே வர முடியாத இடமாக இருக்க வேண்டும். 2010-இல் வந்தபோது இது பலருக்குப் பொருந்தாமல் இருந்தது. 2022 டிசம்பரில் வந்த திருத்தத்தால் ஆசிரியைகள், நர்ஸ்கள், மாதச் சம்பளக்காரர்கள் என்று பெரும்பாலோரும் உள்ளே வந்துவிட்டார்கள். 50 பேருக்குக் குறைந்த நிறுவனம், பெரும் சிரமம் என்று நிரூபித்தால் மட்டும் விலக்குக் கேட்கலாம்.

நீங்கள் நியூயார்க் என்பதால் இன்னும் நல்ல செய்தி. 2024 ஜூன் 19 முதல் அங்கே இதற்கு ஒவ்வொரு தடவையும் 30 நிமிடம், சம்பளத்தோடு. குழந்தைக்கு மூன்று வயது ஆகும் வரை. இது சாப்பாட்டு இடைவேளைக்கு மேல் தனியாக வருவது. அதனால் "லன்ச்சை வைத்துக்கொள்" என்பது செல்லாது. சாப்பாட்டையும் சாப்பிடுங்கள், பாலும் எடுங்கள். பால் கொடுக்கும் அம்மா பட்டினி கிடந்து வேலை பார்க்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

என் மகளுக்கு 16 வயது, ஐஸ்கிரீம் கடையில் கோடை வேலை. ஆறு மணி நேரம் ஒரே நிற்பு.
– ஒரு அப்பா, பிலடெல்பியா

பென்சில்வேனியாவில் பெரியவர்களுக்குப் பொதுவான சட்டம் இல்லை, ஆனால் 18 வயதுக்குக் கீழே இருந்தால் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் 30 நிமிடம் இடைவேளை கொடுத்தாக வேண்டும். நீங்கள் போய்ச் சண்டை போட வேண்டாம். முதலில் மகளையே மேனேஜரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

லாரி ஓட்டுகிறேன். கலிபோர்னியா முதலாளி. கலிபோர்னியா சட்டப்படி எனக்கும் அந்தக் கூடுதல் மணி நேரச் சம்பளம் உண்டா?
– வாசகர், ஸ்டாக்டன்

மாநிலம் தாண்டி ஓடும் பெரிய சரக்கு லாரி என்றால் இல்லை. மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு விதிக்கு உட்பட்ட சரக்கு லாரி ஓட்டுநர்களுக்குக் கலிபோர்னியாவின் இந்த விதி பொருந்தாது என்று 2018-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. எட்டு மணி நேரம் ஓட்டிய பிறகு 30 நிமிடம் நிறுத்த வேண்டும் என்ற மத்திய விதிதான் உங்களுக்கு. தூக்கம் வந்தால் அந்த எட்டு மணிக்காகக் காத்திருக்காதீர்கள் தம்பி.

இதையெல்லாம் கேட்டால் வேலையை விட்டுத் தூக்கிவிட்டால் என்ன செய்வது? வீட்டுக்காரரின் எச்-1பி வேலை விசாவோடு சேர்ந்து வந்த எச்-4 விசாவில் நான் வேலை அனுமதி வாங்கி ஒரு கடையில் இருக்கிறேன். வீட்டுக்காரர் "வம்பு வேண்டாம்" என்கிறார்.
– வாசகி, சியாட்டில் பக்கம்

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர், வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரரின் பயத்தை நான் தப்பாகச் சொல்ல மாட்டேன்.

சம்பளம் கேட்டதற்காக, புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு எடுப்பதோ, ஷிப்டைக் குறைப்பதோ சட்ட விரோதம். மத்தியச் சட்டமும் அப்படித்தான், உங்கள் வாஷிங்டன் மாநிலமும் அப்படித்தான். செய்த வேலைக்குச் சம்பளம் கேட்கும் உரிமைக்கு விசா வகை குறுக்கே வராது. குடியேற்ற அதிகாரிகளிடம் சொல்லிவிடுவேன் என்று தொழிலாளியை மிரட்டுவதைக் கலிபோர்னியா தனியாகவே தடை செய்திருக்கிறது. ஆனாலும் சட்ட விரோதம் என்பதால் நடக்காமல் போய்விடாது, நடக்கிறது. பிறகு அதைத் தப்பு என்று நிரூபிக்க மாதங்கள் ஆகும். அதையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

உங்கள் நிலை எச்-1பி-யில் இருப்பவரை விடக் கொஞ்சம் தைரியமானது. எச்-4 வேலை அனுமதி எந்த ஒரு முதலாளியோடும் கட்டப்பட்டதில்லை. இந்தக் கடை போனால் அடுத்த கடை, விசாவுக்கு ஒன்றும் ஆகாது. எச்-1பி-யில் இருப்பவர்கள் வேலை போனால் அதிகபட்சம் 60 நாளுக்குள் வழி தேட வேண்டியிருக்கும், அதனால் அவர்கள் புகாருக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் பேசிவிடுவது நல்லது.

சண்டையாகத் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாஷிங்டனில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் இரண்டாவது மணிக்கும் ஐந்தாவது மணிக்கும் இடையில் 30 நிமிடம், ஒவ்வொரு நான்கு மணி நேரத்துக்கும் சம்பளத்தோடு 10 நிமிடம். மேனேஜருக்கு ஒரு சின்ன மெயில் போடுங்கள்: "இந்த வாரம் மூன்று நாள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் நின்றேன், அடுத்த வார ஷெட்யூலில் சரிசெய்ய முடியுமா?" அவ்வளவுதான். பல மேனேஜர்களுக்கு விதியே தெரியாது, மெயில் பார்த்ததும் சரிசெய்துவிடுவார்கள். செய்யாதவர்களிடம் நீங்கள் தேதியோடு கேட்டதற்கு அந்த மெயிலே சாட்சி.

கடையில் பன்ச் மெஷினே இல்லை. நானே வீட்டில் நோட்டில் எழுதி வைத்தால் அது செல்லுமா?
– வாசகர், ஹூஸ்டன்

செல்லும். நேரக் கணக்கை வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை. அவர் ஒழுங்காக வைக்கவில்லை என்றால் அதன் பலனைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று 1946-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிச்சிகனில் ஒரு பானைத் தொழிற்சாலை ஊழியர்கள் போட்ட வழக்கு அது. நிமிடம் பிசகாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எவ்வளவு நேரம் வேலை செய்தோம் என்று நியாயமாக ஊகிக்கும் அளவுக்கு ஆதாரம் காட்டினால் போதும், அதை மறுக்க வேண்டியது முதலாளி.

அதனால் நோட்டைப் போடுங்கள். தேதி, உள்ளே போன நேரம், சாப்பிட உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், யார் எதற்குக் கூப்பிட்டார்கள், வெளியே வந்த நேரம். ஒரு நாளுக்கு இரண்டு வரி போதும். அன்றைக்கே எழுதுங்கள், வாரக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். "மிகவும் கொடுமை" என்றெல்லாம் எழுத வேண்டாம். "1:10 உட்கார்ந்தேன், 1:16 டெலிவரி வந்தது, இறக்கினேன், 1:35 மறுபடி உட்கார்ந்தேன்" என்று எழுதுங்கள். அப்புறம், அந்த நோட்டைக் கடையில் விட்டு வராதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். வாரம் ஒரு தடவை பக்கத்தைப் போனில் படம் எடுத்து உங்கள் சொந்த மெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.